கல்லைச் செதுக்கியவர்கள், மண்ணைச் சலித்தவர்கள்

திருச்சிராப்பள்ளி, சேலம், தென்னார்க்காடு வட்டாரப் பாறைகளைப் பற்றி 1864இல் ஒரு நிலவியல் அறிக்கை வெளியானது. எழுதியவர்கள் வில்லியம் கிங், இராபர்ட் புரூஸ் ஃபூட். அதற்கு முந்தைய ஆண்டில்தான் இந்தியத் துணைக்கண்டத்தின் வரலாற்றைப் பல லட்சம் ஆண்டுகள் பின்னோக்கி நீட்டிய இரண்டு கண்டெடுப்புகள் நடந்தன. 1863 மே 30 அன்று பல்லாவரத்தின் செம்பூரான் சரளையில் ஃபூட் ஒரு கற்கருவியைக் கண்டார். செப்டம்பர் 28 அன்று அவரும் கிங்கும் கொசஸ்தலையாற்றுப் படுகையில் அத்திரம்பாக்கத்தைக் கண்டறிந்தனர். எங்கள் ஊர்ப் பாறைகளை ஆராய்ந்தவர்கள் வியந்து நின்ற அந்த இடத்தைப் பார்க்க ஸ்ரீரங்கத்திலிருந்து கிளம்பினேன்.

திருவள்ளூரிலிருந்து பூண்டி நீர்த்தேக்கம் வரை பேருந்து. அங்கே மாநிலத் தொல்லியல் துறையின் தொல்பழங்கால அருங்காட்சியகம் இருக்கிறது. கண்ணாடிப் பேழைக்குள் கைக்கோடாரிகள்: அடி உருண்டு, நுனி குறுகி, இருபுறமும் செதுக்கப்பட்டவை. அவற்றை நன்றாகப் பார்த்துக்கொண்டு அத்திரம்பாக்கம் களத்துக்குப் போனால்தான் கண் பழகும். ஓடைகள் அரித்த செம்மண் பள்ளங்களில் சரளையோடு சரளையாகக் கிடப்பவற்றில் எது ஆறு உருட்டிய கல், எது மனிதக் கை பட்ட கல் என்று பிரித்தறியப் பழக்கம் வேண்டும்.

இங்கே கருவி செய்யப் பயன்பட்டது குவார்ட்சைட் என்னும் கடினமான கல். கூழாங்கல்லின் ஓரத்தில் சரியான கோணத்தில் இன்னொரு கல்லால் அடித்தால் அடிப்புறத்திலிருந்து ஒரு செதில் பெயரும். அடி விழுந்த இடத்துக்குக் கீழே சிறு புடைப்பும், அதைச் சுற்றி அலை அலையான கோடுகளும் அந்தச் செதிலில் நிற்கும். தற்செயலாக உடைந்த கல்லில் இந்த அடையாளங்கள் இப்படி வரிசையாக வருவதில்லை. கோணம் தவறினால் அதுவரை செய்த வேலை முழுதும் ஒரே அடியில் பாழாகும்.

1999 முதல் இங்கே அகழாய்வு நடத்திய சாந்தி பப்பு, குமார் அகிலேஷ் குழுவினர் 2011இல் தங்கள் முடிவுகளை வெளியிட்டனர். அடியிலுள்ள களிமண் அடுக்கின் கருவிகளுக்குச் சுமார் 15 லட்சம் ஆண்டு வயது. அந்தக் களிமண், வெள்ளம் மெல்லப் பரவி வடிந்த தாழ்நிலத்தில் படிந்தது. விலங்குகளின் பற்களும் குளம்புத் தடங்களும் அதில் கிடைத்தன. பெரிய செதில்களைப் பெயர்த்தெடுத்த மூலக்கற்கள் மட்டும் அங்கே இல்லை. வேறிடத்தில் பெயர்த்த செதில்களை இந்த ஈரநிலத்துக்குச் சுமந்துவந்து பயன்படுத்தியிருக்கிறார்கள். தேவை வருமுன்பே அதற்கானதைச் செய்து எடுத்துவந்தவர்கள் அவர்கள்.

2018இல் வந்த ஆய்வு இன்னொரு மாற்றத்தைக் காட்டியது. சுமார் 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே இங்கிருந்தவர்கள் பெரிய கைக்கோடாரிகளைக் கைவிட்டுச் சிறு கருவிகளுக்கு மாறத் தொடங்கிவிட்டனர். 7,200க்கும் மேற்பட்ட கற்பொருள்கள் அதற்குச் சான்று. லெவலுவா என்ற முறையில், மூலக்கல்லின் முகத்தை முதலில் பல அடிகளால் பதப்படுத்தி, பிறகு ஒரே அடியில் வேண்டிய வடிவச் செதிலை எடுத்தார்கள். திருச்சியைச் சுற்றியுள்ள பட்டறைகளில் செயற்கை வைரத்துக்குப் பட்டை தீட்டுபவர், கல்லைச் சாணையில் வைக்குமுன் கடைசிப் பட்டை எங்கே விழும் என்பதை மனத்தில் கண்டுவிடுவார். அந்த முன்னறிவுதான் இந்தக் கல்லிலும் தெரிகிறது.

அகழாய்வுக் குழிகளில் வேலை பார்த்த உள்ளூர்ப் பெரியவர் ஒருவர் வழியில் பேச்சுக் கொடுத்தார். "கல்லு கெடச்ச உடனே எடுத்துடக் கூடாது சார். எவ்ளோ ஆழம், எப்டி கெடந்துச்சு, எல்லாம் எழுதுன அப்புறந்தான் கை வைக்கணும். மண்ணையும் சும்மா கொட்ட மாட்டாங்க, சல்லடையில சலிச்சிப் பாப்பாங்க" என்றார். நகத்தளவு சில்லும் தப்பிவிடக் கூடாது என்பதற்காகவே அந்தச் சலிப்பு. வடிவான கைக்கோடாரி, செய்து முடித்த பொருளை மட்டுமே காட்டும். எங்கே உட்கார்ந்து செதுக்கினார்கள், எந்த வரிசையில் அடித்தார்கள் என்பதைக் கழிவுச் சில்லுகளே சொல்லும். அறிவியல் இதழில் அச்சாகும் ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் வெயிலில் மண் சலித்த இந்தக் கிராமத்துக் கைகளின் பொறுமை இருக்கிறது. ஆய்வாளரின் பெயருக்கு நாம் தரும் மரியாதையில் அவர்களுக்கும் பங்கு உண்டு.

கிடந்த இடத்தைவிட்டு அகற்றிய கல் பாதிக்கு மேல் ஊமையாகிவிடுகிறது. எந்த அடுக்கு, எதன் அருகில் என்ற விவரம் போனபின் அதன் வயதைக் கணிக்க வழியில்லை. சாலைக்கும் கட்டடத்துக்கும் சரளை அள்ளும்போது இத்தகைய இடங்கள் யாரும் பார்க்காமலே அழிந்துபோகக்கூடும். நினைவுப்பொருளாக ஒரு கல்லைப் பையில் போட்டுக்கொள்வதும் சிறிய அளவில் அதே அழிவுதான்.

காவிரி, கொள்ளிடக் கரைகளிலோ, பெரம்பலூர், அரியலூர் பக்கத்துச் சரளை மேடுகளிலோ செதுக்கியதுபோல் ஒரு கல் உங்கள் கண்ணில் பட்டால் அதை எடுக்காதீர்கள். அருகில் ஒரு பேனாவை வைத்துப் படம் எடுங்கள், இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், தொல்லியல் துறைக்குத் தெரிவியுங்கள். ஆசிரியர்கள் தங்கள் மாணவர்களை ஒருமுறையாவது பூண்டி அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.