ஊசிக்குப் பின் இரண்டு மணி நேரம்



கடுமையான ஆஸ்துமாவுக்கு இன்று புதுவகை ஊசிகள் வந்துள்ளன. 'பக்க விளைவு' என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் அவற்றை விட்டு ஒதுங்குவோர் உண்டு. ஒன்றும் ஆகாது என்று, போட்ட கையோடு பேருந்து ஏறுவோரும் உண்டு. இரண்டும் நன்மையன்று.

எங்கள் ஆட்டையாம்பட்டி கைமுறுக்குக்குப் பெயர் பெற்ற ஊர். எங்கள் மத்ரஸா மாணவர் ஒருவரின் தாயார் எண்ணெய்ச் சட்டியின் முன் அமர்ந்து குடும்பத்தைக் காத்தவர். மூச்சிரைப்பு முற்றி, ஸ்டீராய்டு மாத்திரையிலேயே ஆண்டுகள் பல கழிந்தன. சர்க்கரை நோயும் சேர்ந்து கொண்டது. சேலத்து மருத்துவர் ஒருவர் ஓமலிசுமாப் ஊசியைப் பரிந்துரைத்தார். "அது ஆளையே சாய்த்துவிடுமாமே, போடலாமா ஹஜ்ரத்?" என்று அவருடைய கணவர் என்னிடம் வந்து கேட்டார்.

நான் மருத்துவன் அல்லன். ஆகவே அவர்களுடன் மருத்துவரிடமே சென்றேன். அங்குக் கேட்டதையும் பின்னர் படித்தறிந்ததையும் உங்கள் முன் வைக்கிறேன்.

ஊசி போட்ட இடத்தில் வலி, சிவப்பு, வீக்கம், சிலருக்குத் தலைவலி ஆகியவை பெரும்பாலும் தாமே தணிந்துவிடும். அஞ்ச வேண்டியது அரிதாக வரும் கடும் ஒவ்வாமையே. 2003இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இம்மருந்துக்கு, 2007இல் அந்நாட்டு மருந்து நிர்வாகம் மிகக் கடுமையான எச்சரிக்கையைச் சேர்த்தது. ஆயிரத்தில் ஏறத்தாழ 1 அல்லது 2 பேருக்கே அது நேர்கிறது. பெரும்பாலும் இரண்டு மணி நேரத்துக்குள் தோன்றும். எனவே முதல் 3 ஊசிகளுக்குப் பின் 2 மணி நேரமும், அடுத்தவற்றுக்கு 30 நிமிடமும் மருத்துவமனையிலேயே இருக்குமாறு வல்லுநர்கள் கூறுகின்றனர். அரிதாக மறுநாளும் வரக்கூடும். உடலில் தடிப்பு, நாக்கு வீக்கம், மூச்சுத் திணறல், மயக்கம் கண்டால் உடனே 108ஐ அழையுங்கள்.

மெபோலிசுமாப், பென்ராலிசுமாப் ஆகியவை ஈசினோபில் என்னும் இரத்த அணுக்களைக் குறைப்பவை. குடற்புழுக்களை எதிர்ப்பதில் அவ்வணுக்களுக்கும் பங்குண்டு. ஆதலால் புழுத்தொல்லை இருப்பின் முதலில் அதைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். டுபிலுமாப் சிலருக்குக் கண் அழற்சி தரும்.

இன்னொன்று. ஊசி போடத் தொடங்கியதும் ஸ்டீராய்டு மாத்திரையைத் திடீரென நிறுத்துவது ஆபத்து. மருத்துவர் சொற்படி சிறிது சிறிதாகவே குறைக்க வேண்டும். திடீர் இரைப்பை இவ்வூசி தணிக்காது. இன்ஹேலர் கையில் இருந்தே தீர வேண்டும்.

ரமளானில் போடலாமா என்றும் அச்சகோதரர் கேட்டார். ஊட்டச்சத்தாக அமையாத ஊசி நோன்பை முறிக்காது என்று ஜித்தாவில் 1997இல் கூடிய பன்னாட்டு ஃபிக்ஹ் அகாடமி முடிவு கூறியுள்ளது. உங்கள் பகுதி ஆலிமையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அத்தாயார் ஊசி போட்டுக்கொண்டார். இரண்டு நாள் தலைவலி இருந்தது, போய்விட்டது. மாத்திரையின் அளவு இப்போது குறைந்து வருகிறது. ஒவ்வொரு முறையும், அடுப்பும் வியாபாரமும் காத்திருக்க, சொன்ன நேரம் வரை மருத்துவமனையிலேயே அமர்ந்துவிட்டுத்தான் ஊர் திரும்புகிறார்.

சகோதரிகளே! மருத்துவம் செய்துகொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் ஏவியிருக்கிறார்கள். துஆவோடு ஊசியையும், ஊசியோடு பொறுமையையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.