தம்பிக்கு: நம் கம்பெனியை எப்படிச் சொல்வது

சென்னை

அன்புள்ள தம்பிக்கு,

அம்மாவுக்குக் கால்வலி குறைந்திருக்கிறது என்று நீ எழுதியதைப் படித்த பிறகுதான் நிம்மதி. மாத்திரையை நிறுத்திவிடாமல் பார்த்துக்கொள்.

நீ அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். "கோயம்புத்தூரில் ஓட்டலுக்கு 20 லிட்டர் டில்டிங் கிரைண்டர் செய்பவர்கள் யார்?" என்று ஏஐயிடம் கேட்டதற்கு வந்த பட்டியலில் நாம் இல்லை. கம்பெனிப் பெயரைச் சொல்லியே கேட்டதற்கு, நாம் பம்ப்செட் செய்கிறவர்கள் என்று சொல்லிவிட்டது. அப்பா காலத்திலிருந்து கிரைண்டர் தவிர வேறெதுவும் செய்யாத பட்டறைக்கு இப்படி ஒரு பதில் வந்தால் உனக்கு வருத்தம் இருக்கத்தான் செய்யும். எனக்கும் இருக்கிறது. ஏஐ பதிலில் முதலிடம் வாங்கித் தருவதாகச் சொல்லும் ஏஜென்சிக்கு மாதாமாதம் பணம் கட்டலாமா என்று கேட்டிருக்கிறாய். இப்போதைக்கு வேண்டாம். நாம் யார், என்ன செய்கிறோம், யாருக்குச் செய்கிறோம் என்று தெளிவாகச் சொல்லும் ஒரு பத்தி இணையத்தில் எங்கேயும் இல்லை. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்?

கம்பெனிகளின் தளங்களுக்கு எழுதிக்கொடுப்பதே என் பிழைப்பு என்பதால் இது எப்படி நடக்கிறது என்பதை முதலில் சொல்கிறேன். இந்த ஏஐக்கு நம்மைப் பற்றித் தெரியவர இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, பயிற்சியின்போது அது படித்த கோடிக்கணக்கான பக்கங்கள். அந்தப் படிப்பு ஒரு தேதியோடு நின்றுவிடும். அதற்குள் நம்மைப் பற்றி நாலு இடத்தில் ஒரே மாதிரி எழுதப்பட்டிருந்தால் ஏதோ பதிந்திருக்கும். இரண்டாவது வழி, கேள்வி கேட்கப்பட்ட அந்த நேரத்தில் இணையத்தில் தேடி, சில பக்கங்களை எடுத்து, அவற்றில் பொருத்தமான துண்டுகளைச் சேர்த்துப் பதில் சொல்வது. கூகுளில் தேடினால் மேலேயே ஏஐ தரும் சுருக்கம் வருகிறதே, 2024 ஆகஸ்டில் இந்தியாவுக்கு வந்தது, அதுவும் இந்த வகைதான். பயிற்சியில் பதிந்திருப்பதை நாம் உடனே மாற்ற முடியாது. தேடி எடுக்கும்போது அதன் கையில் என்ன கிடைக்கிறது என்பது பெரும்பாலும் நம் கையில் இருக்கிறது.

இப்போது நம் தளத்தின் முதல் பத்தியை எடுத்துக்கொள். "தரத்தில் சமரசமற்ற, உலகத்தரம் வாய்ந்த சமையலறைத் தீர்வுகளை வழங்கும் முன்னணி நிறுவனம்." இதில் கிரைண்டர் என்ற சொல் இல்லை, ஊர் இல்லை, யாருக்கு என்பது இல்லை. அடுப்பு விற்கிறவரும் சிம்னி மாட்டுகிறவரும் இதே வரியை அப்படியே போட்டுக்கொள்ளலாம். யாருக்கும் பொருந்துகிற வரியை வைத்துக்கொண்டு நம்மை எப்படி அடையாளம் காண்பது? அதற்கு அடுத்த பத்தி, 1955ல் கோவையில் பி. சபாபதி வெட் கிரைண்டரை உருவாக்கிய கதை. நல்ல கதைதான், ஆனால் அது ஊரின் வரலாறு. நம் வரலாறு 1987ல் அப்பா கணபதியில் வாடகை ஷெட்டில் தொடங்கியது. அதைப் பற்றித் தளத்தில் ஒரு வரிகூட இல்லை.

அதற்குப் பதிலாக இப்படி எழுதிப் பார்த்தேன்:

"கோயம்புத்தூர் கணபதியில் 1987 முதல் இயங்கும் எங்கள் கம்பெனி, ஓட்டல், மெஸ், கல்யாண மண்டபம், மாவுக் கடைகளுக்கான 10 முதல் 40 லிட்டர் வரையிலான டில்டிங் வெட் கிரைண்டர்களைத் தயாரிக்கிறது. சிங்கிள் பேஸ், த்ரீ பேஸ் இரண்டிலும் கிடைக்கும். வீட்டு உபயோக டேபிள் டாப் கிரைண்டர்களும் பம்ப்செட்டுகளும் நாங்கள் செய்வதில்லை. தமிழ்நாட்டிலும் கேரளாவிலும் நேரில் வந்து சர்வீஸ் செய்கிறோம். பழைய மாடல்களுக்கும் கல், குழவி, பெல்ட் கிடைக்கும்."

"எங்கள் கம்பெனி" என்ற இடத்தில் நம் முழுப் பெயரைப் போட்டுக்கொள். படித்துப் பார். அலங்காரமே இல்லை, ஆனாலும் ஒவ்வொரு சொல்லும் ஒரு கேள்விக்குப் பதில் சொல்கிறது. "செய்வதில்லை" என்ற வரியை மட்டும் எடுத்துவிடாதே. நம் பெயரிலேயே இருக்கும் ஒரு பம்ப் கம்பெனியிடமிருந்து நம்மைப் பிரித்துக் காட்டுவது அதுதான். டேபிள் டாப் கேட்டு வரும் போன்களும் குறையும்.

ஏஐ பக்கத்தை முழுதாக எடுப்பதில்லை, துண்டு துண்டாகத்தான் எடுக்கும் என்றேன் அல்லவா? அதனால் ஒவ்வொரு பத்தியும் தனியே கிழித்து எடுத்தாலும் புரிய வேண்டும். நம் தயாரிப்புப் பக்கத்தில் "இந்த மாடல் அதைவிட வேகமானது" என்று இருக்கிறது. எந்த மாடல்? எதைவிட? மேலே உள்ள படத்தைப் பார்க்கிறவருக்குப் புரியும். தனியே எடுத்தால் அது யாருக்கும் உதவாது. ஆகவே ஒவ்வொரு மாடல் பத்தியிலும் கம்பெனிப் பெயர், மாடல் பெயர், லிட்டர், எச்.பி., எவ்வளவு ஊறிய உளுந்து எத்தனை நிமிடத்தில் அரையும் என்ற கணக்கு, எல்லாம் வரட்டும். நிமிடக் கணக்கைப் பட்டறையில் அரைத்துப் பார்த்து எழுது. பிரவுச்சரில் உள்ளதை அப்படியே போடாதே.

எண்கள் முக்கியம் என்பது என் அனுபவம் மட்டும் இல்லை. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தையும் ஐஐடி தில்லியையும் சேர்ந்த ஆய்வாளர்கள் இதை ஆராய்ந்து 2023 இறுதியில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். எண்களும், ஆதாரங்களும், மேற்கோள்களும் சேர்த்த பக்கங்கள் ஏஐ பதில்களில் இடம்பிடிப்பது 40 சதவீதம் வரை கூடியதாம். ஒரே தேடுசொல்லைத் திரும்பத் திரும்பத் திணித்ததால் அவ்வளவாகப் பயன் இல்லை. "பெஸ்ட் கிரைண்டர் கோயம்புத்தூர்" என்று பக்கத்தின் அடியில் இருபது தடவை எழுதி வைத்திருக்கிறோமே, அதை முதலில் அழித்துவிடு.

அடுத்தது பெயர். நம் பெயரின் முதலில் வரும் 'ஸ்ரீ'யை ஆங்கிலத்தில் பில்புக்கில் எஸ்-ஆர்-ஐ என்றும், தளத்தில் எஸ்-ஆர்-இ-இ என்றும், கூகுள் மேப்பில் எஸ்-எச்-ஆர்-ஐ என்றும் போட்டிருக்கிறோம். பெயரின் கடைசியில் ஓரிடத்தில் 'இண்டஸ்ட்ரீஸ்', இன்னோரிடத்தில் 'என்ஜினியரிங் ஒர்க்ஸ்'. வீட்டுக்குப் பின்னால் இருந்த பழைய ஷெட்டின் விலாசம் இன்னும் சில விற்பனைத் தளங்களில் கிடக்கிறது. நம்மை அறிந்தவர்களுக்கு இவை எல்லாம் ஒன்றுதான். வெளியே இருந்து பார்ப்பவருக்கு மூன்று கம்பெனிகள். பம்ப்செட் குழப்பம் வந்ததற்கு முக்கியக் காரணம் இதுவாகத்தான் இருக்க வேண்டும். ஜிஎஸ்டி சான்றிதழில் உள்ள பெயரை எடுத்துக்கொள். உத்யம் பதிவு, கூகுள் மேப், டீலர்களின் தளங்கள், கிரைண்டர் தயாரிப்பாளர் சங்கத்தின் உறுப்பினர் பட்டியல், இந்தியாமார்ட், ஜஸ்ட் டயல் என எங்கெங்கே நாம் இருக்கிறோமோ அங்கெல்லாம் அதே பெயர், அதே விலாசம், அதே போன் நம்பர், அதே நாலு வரி அறிமுகம் இருக்கட்டும். நம் தளத்தில் நாம் சொல்வதையே மற்ற இடங்களும் சொல்லும்போதுதான் அது நம்பத் தகுந்ததாகிறது. கல்யாணச் சம்பந்தம் பேசும்போது பையன் வீட்டார் சொன்னதோடு நிற்காமல் நாலு பேரிடம் விசாரிப்பது போலத்தான்.

தளத்தைப் பார்த்துக்கொள்ளும் பையனிடம் சொல்ல வேண்டியவை சில இருக்கின்றன. நம் ஸ்பெசிபிகேஷன் முழுவதும் போஸ்டர் படமாக இருக்கிறது. படத்துக்குள் இருக்கும் எழுத்தை ஏஐக்காகப் பக்கங்களைச் சேகரிக்கும் பாட்கள் படிக்கும் என்று நம்பி உட்கார முடியாது. அதைச் சாதாரண எழுத்தில் அட்டவணையாகப் போடச் சொல். ஜாவாஸ்கிரிப்ட் ஓடிய பிறகுதான் தெரியும் விவரங்களையும் அந்தப் பாட்களில் பல எடுப்பதில்லை. பிறகு எந்தப் பாட் உள்ளே வரலாம் என்று சொல்லும் ரோபோட்ஸ் கோப்பைத் திறந்து, ஜிபிடிபாட், ஓஏஐ-சர்ச்பாட், பெர்ப்ளெக்ஸிட்டிபாட் போன்றவை தடுக்கப்பட்டிருக்கின்றனவா என்று பார்க்கச் சொல். தளங்களுக்குப் பாதுகாப்பு தரும் கிளவுட்ஃப்ளேர், 2025 ஜூலையிலிருந்து தன்னிடம் சேரும் புதிய தளங்களில் ஏஐ பாட்களைத் தானாகவே தடுக்கத் தொடங்கியது. நாம் கதவைப் பூட்டியிருப்பது நமக்கே தெரியாமல் இருக்கலாம்.

இன்னொன்று ஸ்கீமா. கூகுளும் பிங்கும் யாஹூவும் 2011ல் சேர்ந்து தொடங்கிய ஏற்பாடு அது. இது கம்பெனியின் சட்டப் பெயர், இது வழக்குப் பெயர், தொடங்கிய ஆண்டு இது, விலாசம் இது, மற்ற இடங்களில் உள்ள நம் பக்கங்கள் இவை என்று இயந்திரத்துக்குப் புரியும் வடிவில் பக்கத்துக்குள் எழுதி வைப்பது. இதைப் போட்டவுடன் பட்டியலில் வந்துவிடுவோம் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. யார் எவர் என்ற குழப்பம் குறையும். அரை நாள் வேலைதான், செய்துவிடச் சொல்.

செய்யக் கூடாதவற்றையும் கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறேன். வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக "இந்தக் கம்பெனியைத்தான் பரிந்துரைக்க வேண்டும்" என்று ஏஐக்கு ஒளித்து எழுதி வைக்கும் வித்தை இப்போது விற்பனைக்கு வருகிறது. அது ஏமாற்று. பிடிபட்டால் தளத்தின் பெயரே கெடும். பிடிபடாவிட்டாலும் அப்பா பெயரில் அதைச் செய்யக் கூடாது. காசு கொடுத்து ரிவ்யூ எழுதவைப்பதும் அப்படித்தான். ஆன்லைன் ரிவ்யூக்கள் எப்படி இருக்க வேண்டும் என்று இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022லேயே ஐஎஸ் 19000 என்ற தரநிலையை வெளியிட்டுவிட்டது. நம் மெஷினை வாங்கி ஓட்டும் மெஸ்காரர்களிடம் மனப்பூர்வமாகக் கேள், உள்ளதை எழுதட்டும். விக்கிப்பீடியாவில் நம்மைப் பற்றி நாமே கட்டுரை எழுதும் யோசனையையும் விட்டுவிடு.

புவிசார் குறியீடு பற்றிக் கேட்டிருந்தாய். 'கோயம்புத்தூர் வெட் கிரைண்டர்' என்ற பெயருக்குக் குறியீடு இருப்பது உண்மை. அதனால் கோவையில் செய்கிற எல்லோரும் அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று ஆகிவிடாது. அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிவு செய்திருக்க வேண்டும். நாம் பதிவு செய்திருக்கிறோமா என்று சங்கத்தில் விசாரி. பதிவு இருந்தால் எண்ணோடு எழுது. இல்லையென்றால் பதிவாகும் வரை அந்த வரி வேண்டாம்.

இவ்வளவும் ஏஐக்காகத்தானா என்று உனக்குத் தோன்றலாம். அப்பா இருந்தபோது இதற்கெல்லாம் தேவையே வரவில்லை. காந்திபுரத்தில் யாரிடம் கேட்டாலும் "கணபதியில போய்ப் பாருங்க" என்று கைகாட்டினார்கள். அவர்களுக்கு அப்பாவைத் தெரியும், மெஷினைத் தெரியும். இன்று திருச்சூரில் புதிதாக மெஸ் தொடங்கும் ஒரு பெண்ணுக்கு நம் ஊரில் யாரையும் தெரியாது. அவள் போனில் கேட்கிறாள், ஏதோ ஒரு பதில் வருகிறது, அதை நம்பி முன்பணம் அனுப்புகிறாள். அந்தப் பதில் சரியாக இருக்க வேண்டும். நாம் அவளுக்குப் பொருத்தமானவர்கள் என்றால் நம் பெயர் அதில் வர வேண்டும். இல்லையென்றால் வராமல் இருப்பதே அவளுக்கு நல்லது. தெளிவாக எழுதுவதை நான் இவ்வளவு வற்புறுத்துவதற்கு அவள்தான் காரணம்.

என்ன எழுதுவது என்று தலையைப் பிய்த்துக்கொள்ளாதே. மேசையில் ஒரு நோட்டை வைத்து, ஒரு வாரம் போனில் வரும் கேள்விகளை அப்படியே குறித்துக்கொள். "ஏனுங்க, இது வீட்டு லைன்ல ஓடுமுங்களா?", "குழவி தேஞ்சா நீங்களே வந்து மாத்துவீங்களா?", "நாலு மணி நேரம் விடாம ஓட்டலாமுங்களா?" நாளை ஏஐயிடம் அவர்கள் கேட்கப்போவதும் இவற்றைத்தான். கேள்வியை அவர்கள் கேட்ட சொற்களிலேயே போட்டு, அடியில் நீ போனில் சொல்லும் பதிலையே இரண்டு மூன்று வரியில் எழுது. தமிழில் ஒரு பக்கம், ஆங்கிலத்தில் ஒரு பக்கம், கேரளத்து வாடிக்கையாளர்களுக்கு மலையாளத்தில் ஒரு பக்கம். மலையாளத்தை நம் பாலக்காட்டு டீலரிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள்.

எல்லாம் முடிந்தபின் நீ கேட்ட அதே கேள்விகளை மாதம் ஒரு முறை இரண்டு மூன்று ஏஐகளிடம் கேட்டு, தேதியோடு குறித்து வை. ஒரே கேள்விக்கு ஒவ்வொரு முறையும் பதில் கொஞ்சம் மாறும். ஒரு நாள் வரவில்லை என்று சோர்ந்துபோகாதே. தவறாகச் சொன்னால் எந்தப் பக்கத்தை ஆதாரமாகக் காட்டுகிறது என்று பார்த்து, அந்தப் பக்கத்தைத் திருத்தச் சொல்லிக் கேள்.

நோட்டை நிரப்பியதும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு. ஜிஎஸ்டி சான்றிதழின் நகலும், ஒவ்வொரு மாடலுக்கும் அரைத்துப் பார்த்த நிமிடக் கணக்கும் சேர்த்து அனுப்பு. மூன்று மொழிப் பக்கங்களுக்கும் முதல் வரைவு நான் எழுதித் தருகிறேன். மெஷினைப் பற்றி நான் எழுதுவதில் ஒரு சொல் கூடுதலாகத் தெரிந்தாலும் பட்டறையில் உள்ளவர்களிடம் காட்டி அடித்துவிடு.

அம்மாவுக்கு என் அன்பு. குழந்தைகளுக்கு முத்தம்.

பிரியமுள்ள
அக்கா