தஞ்சாவூரில் ஒரு ராத்திரி சாப்பாடு

போன குறுவையில் மூன்று ஏக்கரில் அம்பை 16 போட்டிருந்தேன். 160 மூட்டை கண்டது. கொள்முதல் நிலையத்தில் நாலு நாள் காவல் கிடந்து, ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இறங்க இரண்டு தடவை கொட்டிக் காயவைத்து, ஒருவழியாக எடை போட்டோம். பணம் வங்கியில் ஏறிய வாரத்தில்தான் மகளுக்குப் பிறந்த நாள். தஞ்சாவூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். “அம்மாவையும் கூட்டிக்கிட்டு வாங்கப்பா. ராத்திரி வெளியில சாப்பிடலாம்” என்று போன் செய்தாள். அம்மாப்பேட்டையில் பஸ் ஏறினோம்.

சாலியமங்கலம் தாண்டியும் இரண்டு பக்கமும் நெல்தான். ஒரு வயலில் அறுவடை மெஷின் ஓடுகிறது, பக்கத்து வயலில் சம்பாவுக்கு நாற்றங்கால் தயாராகிறது. மேட்டூர் அணை ஜூன் 12-ல் திறந்த வருடங்களில் இந்தச் சாலையைப் பார்க்கவே ஒரு தெம்பு வரும்.

சாயங்காலம் பெரிய கோயிலில் உட்கார்ந்திருந்தோம். கல்வெட்டுப் பாடம் ஒன்றை மகள் படித்திருக்கிறாள் போல. ஆயிரம் வருடத்துக்கு முன்னால் இங்கே நெல்லை அளந்த மரக்காலுக்கு ‘ஆடவல்லான்’ என்று பெயராம். கோயிலில் ஆடிய 400 பெண்களுக்கும் ஆளுக்கு நூறு கலம் நெல் விளைகிற பங்கு என்று ராஜராஜன் கல்லிலேயே வெட்டி வைத்திருக்கிறான். “சம்பளமே நெல்லுதாம்மா” என்றாள். அப்போது ஈரப்பதம் பார்த்தார்களா என்று கேட்டேன். சிரித்தாள்.

சாப்பிடப் போன இடம் புதிய பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில். குளிர்சாதனம், கண்ணாடிக் கதவு, சுவரில் தலையாட்டிப் பொம்மைப் படம். பெயர் வேண்டாம், அதைப்போல இப்போது எல்லா ஊரிலும் பத்து இருக்கின்றன. ராத்திரியில் சாப்பாடு கிடையாது என்றார்கள். இட்லி தீர்ந்துவிட்டதாம். அதைக் கேட்டுத்தான் எனக்குக் கொஞ்சம் வருத்தம். எங்கள் குண்டு அரிசி ஓட்டலுக்குள் நுழைவதென்றால் இட்லி மாவாகத்தான் நுழையும்.

மகள் ஃபிரைட் ரைஸ் சொன்னாள். மனைவி சாம்பார் சாதம், நான் தயிர் சாதம். முக்கால் மணி நேரம் கழித்து வந்தது. ஃபிரைட் ரைஸ் நீள நீளமாக, தொட்டால் உதிர்ந்தது, உள்ளே கொஞ்சம் விறைப்பு. சாம்பார் சாதத்தில் சாம்பார் ஒரு பக்கம், சோறு ஒரு பக்கம். என் தயிர் சாதம் ஃபிரிட்ஜிலிருந்து நேராக வந்த மாதிரி பல் கூசியது, மேலே மாதுளை முத்து. பசிக்குச் சாப்பிட்டோம். சோற்றில் மணமே இல்லை. சாம்பாரே தஞ்சாவூர் மராட்டியர் அரண்மனையில் பிறந்தது என்று கதை சொல்கிற ஊர் இது.

பரிமாறிய பையன் பீகார். அவன் அப்பாவும் நெல் விவசாயிதானாம், அரைகுறைத் தமிழில் சொன்னான். எங்கள் ஊரில் நடவுக்கும் இப்போது அந்தப் பக்கத்து ஆட்கள்தான் வருகிறார்கள். அவனைக் குறை சொல்ல என்ன இருக்கிறது?

பில் 1,140 ரூபாய். கொடுக்கும்போது கல்லாவில் இருந்தவரிடம், “இது எந்த ஊர் அரிசிங்க?” என்றேன்.

“கர்நாடகா, சார். ஒரு வருஷம் பழசு.”

“தஞ்சாவூர்ல இருந்துகிட்டு கர்நாடகா அரிசியா?”

அவர் கோபப்படவில்லை. “உங்க நெல்லைத்தான் மொத்தமா கொள்முதலுக்குப் போட்டுடுறீங்களே. எங்களுக்கு ஒரே மாதிரி சன்ன அரிசி, பழசா, வருஷம் முழுக்க வேணும். யாரு வச்சிருந்து தர்றீங்க?”

பதில் சொல்ல முடியவில்லை. 2025 செப்டம்பரிலிருந்து குவிண்டாலுக்குச் சாதாரண ரகம் 2,500, சன்ன ரகம் 2,545 ரூபாய். வித்தியாசம் 45. நாற்பது கிலோ மூட்டைக்கு 18 ரூபாய். அந்த ஓட்டலில் ஒரு பாட்டில் தண்ணீருக்குக்கூடக் காணாது. அதற்காக பி.பி.டி. போட்டு, குலைநோய்க்கு மருந்தடித்து, கூடுதலாக ஒரு மாதம் எவன் காத்திருப்பான்? புது நெல் குழையும், பழசாக்க ஆறு மாதமாவது வைத்திருக்க வேண்டும். கூட்டுறவுக் கடன் அதுவரை காத்திருக்காது. 1960-களில் ஆடுதுறை 27 வந்தபோது திருச்சி வானொலியைக் கேட்டே விதைத்தார்கள், ‘ரேடியோ நெல்’ என்றே அதற்குப் பெயர் வந்தது. விளைச்சலைப் பெருக்கு என்றார்கள், பெருக்கினோம். ருசியைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

மகளை விடுதியில் விட்டுவிட்டுக் கடைசி பஸ்ஸில் திரும்பும்போதும் இதையேதான் புலம்பிக்கொண்டு வந்தேன். மனைவி ஜன்னல் பக்கம் பார்த்தபடி, “என்னங்க, நம்ம அடுப்படியில இருக்குற 25 கிலோ மூட்டை எந்த ஊருன்னு என்னைக்காவது பாத்திருக்கீங்களா?” என்றாள்.

வீட்டுக்கு வந்து விளக்கைப் போட்டுப் பார்த்தேன். ரெய்ச்சூர் என்று அச்சடித்திருந்தது. 160 மூட்டை நெல் கண்டவன் வீடு. ஏழெட்டு வருடமாக இப்படித்தான், நான் கவனிக்கவில்லை.

என் அம்மா இருந்தவரை பத்தாயத்தில் வீட்டு நெல் இருக்கும். வெள்ளென எழுந்து வாசலில் அண்டா வைத்து அவிப்பார்கள், காயவைத்து ஊர் மில்லுக்கு எடுத்துப் போவோம். அம்மாவுக்குப் பிறகு அவிக்க ஆளில்லை. ஊர் மில்லும் மூடிவிட்டது. இப்போதிருக்கும் பெரிய மில்களில் லோடு கணக்கில்தான் எடுப்பார்கள், இரண்டு மூட்டையோடு போனால் ஏற இறங்கப் பார்ப்பார்கள். பத்தாயத்தில் இப்போது உரச் சாக்கு கிடக்கிறது.

இந்தச் சம்பாவில் வாய்க்கால் ஓரத்து இரண்டு மா மட்டும் தூயமல்லி விட்டிருக்கிறேன். விதை உறவுக்காரர் ஒருவர் கொடுத்தது. உயரமாக வளர்கிற நெல், தை மழை பெய்தால் சாய்ந்துவிடும் என்று பக்கத்து வயல்காரர் பயமுறுத்துகிறார். சாயாமல் கைக்கு வந்தால் விற்கப் போவதில்லை.

கேள்வி-பதில் பகுதிக்கு இரண்டு கேள்விகளையும் இத்துடன் அனுப்பியிருக்கிறேன். பத்தாயத்து நெல்லில் அந்துப்பூச்சி வராமல் ஒரு வருடம் வைத்திருக்க என்ன செய்யலாம்? அம்மாப்பேட்டை, பாபநாசம் வட்டாரத்தில் இரண்டு மூட்டை நெல்லையும் மதித்து அவித்து அரைத்துத் தரும் சின்ன மில் எங்கே இருக்கிறது? தெரிந்தவர்கள் எழுதுங்கள்.