தீவகத்து லாண்ட்மாஸ்டர்

ஒரு பொருளுக்கு வணிகர் இட்ட பெயர் நாளடைவில் அப்பொருளுக்கே பொதுப்பெயராகி நிலைத்துவிடுவது உண்டு. யாழ்ப்பாணத்திலே இரண்டு சில்லு உழவு இயந்திரத்துக்கு நேர்ந்தது அதுவே. அது ஜப்பானிலிருந்து வந்த குபோட்டாவாயினும், சீனத்திலிருந்து வந்த சிஃபாங்காயினும், எந்த நிறம் பூசப்பட்டிருப்பினும், நம்மவருக்கு அது லாண்ட்மாஸ்டர்தான். அந்த முத்திரை பொறித்த பழைய இயந்திரம் ஒன்றைக் காண்பது இன்று அரிது. பெயர் மட்டும் பிழைத்துக்கொண்டது.

அப்பெயருக்குரிய இயந்திரத்தை வடிவமைத்தவர் இலங்கையரே என்பது நம் மாணவர் பலருக்குத் தெரியாது. கேம்பிரிட்ஜில் பொறியியல் கற்ற ரே விஜேவர்த்தன 1955ஆம் ஆண்டளவில் இதனை உருவாக்கினார். இங்கிலாந்தின் நொட்டிங்ஹாம் பகுதியில் இயங்கிய லாண்ட்மாஸ்டர் நிறுவனம் அதனைச் செய்து பல நாடுகளுக்கும் அனுப்பியது. உலகின் முதல் கையுழவு இயந்திரம் இதுவே என்று பெருமை பேசுவோரும் உளர். அது மிகை. அவுஸ்திரேலியாவில் ஹோவர்ட் என்பவர் சுழல் கலப்பைக்கு உரிமை பெற்றது அதற்கு நெடுங்காலம் முன்பு. ஆயினும் சேற்று வயலையும் சிறு உழவனையும் மனத்திற்கொண்டு செய்யப்பட்டதென்ற சிறப்பு இதற்கு உண்டு. பல்துறை மனிதர் அவர், விமானம் ஓட்டினார், 1968ஆம் ஆண்டு மெக்சிகோ ஒலிம்பிக்கில் பாய்ப்படகுப் போட்டியிலும் கலந்துகொண்டார். இவை எல்லாவற்றினும் எனக்கு வியப்பளிப்பது வேறொன்று. தாம் படைத்த இயந்திரம் எருமையின் வேலையைத்தான் செய்ததேயன்றி உழவனின் விளைச்சலை உயர்த்தியதா என்ற ஐயத்தைப் பிற்காலத்தில் எழுப்பியவரும் அவரே. மண்ணைக் கிளறாமலே பயிர் செய்யும் முறைகளை ஆராய்வதில் தம் பிற்கால உழைப்பைச் செலவிட்டு, 2010ஆம் ஆண்டில் மறைந்தார்.

அவருடைய அந்த ஐயத்தை மனத்தில் வைத்துக்கொண்டே அண்மையில் தீவகத்துக்குச் சென்றேன். போகவேண்டிய காரணமும் வந்து வாய்த்தது. என்னிடம் பயிலும் நெடுந்தீவு மாணவன் ஒருவன், "சேர், ஐயா மாடுகளை வித்துப்போட்டு லாண்ட்மாஸ்டர் வாங்கப் போறாராம். அம்மா மறிக்கிறா. நீங்கள் ஒருக்கா வந்து கதையுங்கோ" என்று கேட்டான். உழவு பற்றித் தீர்ப்புக் கூற எனக்கு என்ன தகுதி என்று எண்ணினேனாயினும், விடுமுறையும் வந்தது, புறப்பட்டேன்.

பண்ணைத் தாம்போதியைக் கடந்ததும் நிலத்தின் இயல்பு மாறிவிடுகிறது. வலிகாமத்துச் செம்மண் இங்கில்லை. அல்லைப்பிட்டி, மண்கும்பான் வழியே மணலும் பனையும். வேலணையை அணுகுகையில் வயல்வெளி. மாரிமழையை நம்பிய ஒரு போகமே இவ்வயல்களுக்கு உண்டு. ஆவணி, புரட்டாதியில் காய்ந்த புழுதியை உழுது விதைத்துவிட்டு, ஐப்பசி மழைக்காக வானத்தைப் பார்த்திருப்பர். மழை பிந்தினால் விதை எறும்புக்கு. முந்தினால் உழவுக்கு முன்பே நிலம் ஈரமாகிவிடும். ஆதலால் உழவுக்குக் கிடைக்கும் காலம் சில வாரங்களே. ஊரிலுள்ளோர் அனைவருக்கும் ஒரே வாரத்தில் கலப்பை வேண்டும்!

நிலமோ துண்டு துண்டாயிருக்கிறது. தலைமுறை தலைமுறையாகச் சீதனமாகவும் முதுசமாகவும் பிரிந்து, பரப்புக் கணக்கில் நிற்கிறது; 16 பரப்புச் சேர்ந்தால்தான் ஓர் ஏக்கர். ஏறத்தாழ இரண்டு தொன் எடையுள்ள நான்கு சில்லு இயந்திரம் இத்துண்டுக்குள் திரும்புவதற்கே பாதி நிலம் போய்விடும். லாண்ட்மாஸ்டர் வரம்பின் மேலேறி மறுவயலுக்குள் இறங்கிவிடுகிறது.

மாணவர் ஒரு சிறு கணக்கைச் செய்து பார்க்கலாம். ஓர் ஏக்கர் என்பது 4,047 சதுர மீற்றர். மரக்கலப்பை ஒரு சாலில் 20 சென்ரிமீற்றர் அகலத்தைக் கீறுமாயின், ஏக்கரை ஒருமுறை உழுது முடிக்க உழவன் மாடுகளின் பின்னே 20 கிலோமீற்றர் நடக்கவேண்டும். லாண்ட்மாஸ்டரின் சுழல் கலப்பை 60 சென்ரிமீற்றர் அகலம் கொத்துமாயின் நடை 7 கிலோமீற்றருக்கும் குறைவு. மணிக்கு 1 முதல் 1½ லீற்றர் டீசலில் அரை நாளில் வேலை முடிந்துவிடும். அறுபது வயது உழவர் ஒருவருக்கு, நடையில் குறையும் அந்த 13 கிலோமீற்றர் எத்துணைப் பெரிய கொடை என்பதை நகரத்திலிருந்து எழுதுவோர் எளிதில் உணரார்.

வேலணையையும் புங்குடுதீவையும் இணைக்கும் வாணர் தாம்போதியைத் தாண்டினால், பூட்டிய வீடுகள் கண்ணில் படத் தொடங்கும். 1990, 1991ஆம் ஆண்டுகளின் போர் இடப்பெயர்வில் தீவகத்து மக்கள் பெருந்தொகையாக வெளியேறினர். கொழும்புக்கும் கனடாவுக்கும் சென்றோர் பலர் திரும்பவில்லை. பற்றைக்காடாகிப்போன அவர்கள் காணிகளை ஆண்டுக்கொருமுறை உழுது துப்புரவாக வைத்திருப்பது, ஊரில் எஞ்சியுள்ள லாண்ட்மாஸ்டர்காரர்களுக்கு ஒரு தொழிலாகவே அமைந்துவிட்டது. உரிமையாளர் ரொறன்ரோவில், உழவு புங்குடுதீவில். விதைப்பதற்கன்றி, காணி காணியாகவே தோன்றவேண்டும் என்பதற்காக நடக்கும் உழவு இது.

குறிகட்டுவான் இறங்குதுறையிலே லாண்ட்மாஸ்டரின் வேறொரு தன்மையைக் காணலாம். இதற்குத் திசைமாற்றும் வளையம் இல்லை. இரு கைப்பிடிகளின் கீழும் ஒவ்வொரு நெம்பு உண்டு. இடப்பக்க நெம்பை அழுத்தினால் இடச் சில்லுக்குப் போகும் விசை அறுபடும். வலச் சில்லு மட்டும் முன்னேறுவதால் இயந்திரம் இடப்பக்கம் திரும்பும். சமநிலத்தில் இதுவே விதி. சரிவில் இறங்கும்போது விதி தலைகீழாகிவிடும். பின்னே பூட்டிய பெட்டியின் பாரம் தள்ள, இயந்திரமோ சில்லுகளை ஓடவிடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். அவ்வேளையில் இட நெம்பை அழுத்தினால் இடச் சில்லு பிடிவிட்டு உருண்டோடும். வண்டி வலப்பக்கம் திரும்பிவிடும். புதிதாகப் பழகுவோர் கடலுக்குள் இறங்குவது இதனாலேதான் என்று துறையில் நின்ற முதியவர் ஒருவர் சொல்லிச் சிரித்தார். தீவுகள் தட்டையானவை, ஆனால் துறைமுகப்பும் பாலத்து இறக்கமும் எங்கும் உண்டு.

நெடுந்தீவுக்குப் படகுப் பயணம் ஒரு மணி நேரமளவு. இக்கடலிலே 'குமுதினி' என்ற பெயரைக் கேட்டதும் மூத்தோர் சற்று மௌனமாவர். 1985 மே 15 அன்று அப்படகிற் சென்ற பயணிகள் பலர் வெட்டிக் கொல்லப்பட்டனர். நாங்கள் சென்ற நாளில், சுமைப்படகொன்றில் ஒரு லாண்ட்மாஸ்டரை ஏற்றிக்கொண்டிருந்தனர். பெட்டி வேறாகவும் உடல் வேறாகவும் பிரித்து, பலகை சாய்த்து, கயிறு கட்டி, எண்மர் 'ஏலேலோ' இல்லாமலே மூச்சுப் பிடித்து இறக்கினர். முந்நூறு நானூறு கிலோ எடையாதலால் மனிதர் கையால் முடிகிறது. தீவுக்குள் செல்லும் எப்பொருளும் முதலில் மனிதன் தூக்கக்கூடியதாய் இருத்தல் வேண்டும் போலும்.

நெடுந்தீவின் பெருக்கமரத்தையும் ஒல்லாந்தர் கோட்டையையும் பற்றி எழுதியோர் பலர். அவற்றை விடுத்து வேலிகளைச் சொல்கிறேன். முருகைக் கற்களைச் சாந்தின்றி அடுக்கிய மதில்கள் தீவு முழுதும் ஓடுகின்றன. அவற்றிடையே ஒடுங்கிய ஒழுங்கைகள். காளை வண்டியின் அகலத்துக்கு அளவெடுத்த அவ்வழிகளில் லாண்ட்மாஸ்டர் பெட்டி தாராளமாகப் போகிறது. பெரிய வாகனம் நுழைந்தால் மதிலைப் பிரித்துத்தான் வெளியே எடுக்கவேண்டும். மேய்ச்சல் வெளியிலே மட்டக்குதிரைகள் நின்றன. ஒல்லாந்தரும் பின்னர் ஆங்கிலேயரும் வளர்த்த இனத்தின் வழிவந்தவை. இன்று எதையும் இழுப்பதில்லை. தீவின் பாரமனைத்தையும் இழுப்பது அவற்றருகே புகை கக்கிச் சென்ற பத்துக் குதிரை வலுவுள்ள ஒற்றைச் சிலிண்டர் இயந்திரமே. அதன் பெட்டியில் அரிசி மூடைகள், சீமெந்து, எரிவாயுச் சிலிண்டர், ஓர் ஆடு, பள்ளிப் பிள்ளைகள் மூவர், வைத்தியசாலைக்குச் செல்லும் ஆச்சி ஒருவர் ஆகியோர் இருந்தனர். சட்டப் புத்தகம் இதனை எவ்வாறு நோக்கும் என்பது வேறு விடயம்.

மாணவனின் தந்தையார் எங்களை முற்றத்துப் பூவரச நிழலில் அமர்த்தினார். என்னிலும் மூத்தவர், 'அண்ணை' என்றே அழைத்தேன். கணக்கை அவரே சொன்னார்: "மாஸ்டர், உழவெண்டு பாத்தால் வருசத்தில ஆறு கிழமைதான். அதுக்காக இவ்வளவு காசைக் கொட்டினால் நான் விசரன். ஆனா இறங்குதுறையில இருந்து சாமான் ஏத்திறது வருசம் முழுக்க இருக்கு." கூர்மையான பேச்சு. நான் நகரத்தில் படித்து வைத்திருந்த வாதங்கள் பலவும் இதனால் தேவையற்றுப் போயின. இங்கு லாண்ட்மாஸ்டர் என்பது, சில வாரம் கலப்பை பூட்டப்படும் ஒரு வண்டி. வண்டி பூட்டப்படும் கலப்பையன்று.

அம்மையார் அடுப்படி வாசலில் நின்றபடியே மறுத்தார். "மாடு நிண்டால் பாலும் தரும், எருவும் தரும். இது நிண்டால் கறள்தான் பிடிக்கும்." அதுவும் முற்றிலும் உண்மை. தீவிலே உப்புக்காற்று இரும்பைத் தின்கிறது. எரிபொருளும் கடல் கடந்தே வரவேண்டும். 2022ஆம் ஆண்டில் நாடு முழுவதும் டீசலின்றித் தவித்தபோது இயந்திரக்காரர் பட்ட பாட்டை அவர் எண்ணிப் பார்த்தார். எருவோ இன்னும் முக்கியமானது. இங்கே சுண்ணக்கல்லின் மேல் மண் மெல்லிய போர்வை போலவே கிடக்கிறது. சுழல் கலப்பையின் கத்திகள் அதனை மாவாக்கிவிடும். எருவால் பிடிமானம் பெறாத மாவு மண் முதல் மழையில் இறுகிப்போகும். கோரைக் கிழங்கையோ கத்தி துண்டு துண்டாக வெட்டி வயலெங்கும் நட்டுவிடுகிறது. ஒரு மூலையில் இருந்த கோரை மறு ஆண்டு எங்கும் முளைப்பதைப் பலர் கண்டிருக்கின்றனர். விஜேவர்த்தனவின் ஐயம் இவ்விடத்திலேதான் எனக்குப் பொருளுள்ளதாய்த் தோன்றியது.

ஆனால் அம்மையாரின் பெரிய அச்சம் உழவு பற்றியதன்று, கிணறு பற்றியது. இயந்திரத்தோடு நீர் இறைக்கும் பம்பியையும் வாங்கி, பட்டி பூட்டி, தோட்டம் செய்யலாம் என்று மகன் எண்ணியிருந்தான். இதனை நான் சற்று விரித்துச் சொல்லவேண்டியவனாகிறேன். தீவின் நன்னீர் பாறைக்குள் ஓடி வரும் ஆறன்று. பெய்த மழை நிலத்துள் இறங்கி, கனமான உவர்நீரின் மேல் மிதந்து நிற்கும் ஒரு மெல்லிய படலம். கைபன், ஹெர்ஸ்பெர்க் என்னும் இருவர் தனித்தனியே கண்ட விதி ஒன்றுண்டு: கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் ஓரடி உயர்ந்து நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி வரை அது உவரை அழுத்தி வைத்திருக்கும். மறுபுறம், மேலே ஓரடி தாழ்ந்தால் கீழிருந்து உவர் 40 அடி எழும்பிவரப் பார்க்கும். துலா மிதித்து இறைத்த காலத்தில் மனிதன் களைத்ததும் கிணறு தப்பிக்கொண்டது. இயந்திரம் களைப்பதில்லை. நெடுந்தீவில் நல்ல தண்ணீருக்குச் சாராப்பிட்டிப் பக்கத்துக் கிணறுகளை நாடுவோர் நிலை அறிந்த எவரும், வீட்டுக் கிணற்றை இந்தப் பரீட்சைக்கு உட்படுத்தத் துணியார்.

இயந்திரத்துக்கும் நல்ல தண்ணீர் வேண்டும் என்பது இன்னொரு சங்கடம். சூட்டைத் தணிக்கத் தொட்டியில் ஊற்றும் நீர் கொதித்து ஆவியாகும். சுண்ணம் நிறைந்த கிணற்று நீரானால் கேத்தலின் அடியிற் படிவது போல் உள்ளே வெள்ளைப் படிவு கட்டி, நாளடைவில் சிலிண்டரின் சூடு தணியாது. அயலில் லாண்ட்மாஸ்டர் வைத்திருந்த ஒருவர் மாரியில் கூரைநீரைப் பிடித்து மூடிவைத்து, அதையே ஊற்றி வருவதாகக் கூறினார். பிள்ளைகள் அதைக் குடித்தால் ஏசுவாராம்!

நான் தீர்ப்பு எதுவும் கூறவில்லை. கணக்கை ஒரு கொப்பியில் எழுதினோம்: ஏற்றுக் கூலி, உழவுக் கூலி, டீசல், பட்டி, கத்தி, கடன் வட்டி ஒருபுறம், பாலும் எருவும் மறுபுறம். புதிய இயந்திரமும் வங்கிக் கடனும் எவ்வழியிலும் பொருந்தவில்லை. ஆறு மாடுகளையும் விற்றால் எருவுக்குக் காசு கொடுக்கவேண்டி வந்தது. அந்தி சாயும்வரை பேசி, அவர்களே ஒரு முடிவுக்கு வந்தனர்.

தை மாதத்தில் மாணவன் செய்தி கொண்டுவந்தான். இரண்டு நாம்பன்களை மட்டும் விற்று, வேலணையில் ஒருவர் பாவித்த இயந்திரத்தைப் பெட்டியோடு வாங்கியிருக்கின்றனர். சில்லின் கீழே தேசிக்காய் வைத்து, அம்மையாரே முதலில் பெட்டியில் ஏறி இறங்குதுறைவரை சென்று வந்தாராம். பசுக்கள் நான்கும் பட்டியில் நிற்கின்றன. அவற்றின் எரு இப்போது லாண்ட்மாஸ்டர் பெட்டியிலேயே வயலுக்குப் போகிறது. இயந்திரத்தோடு விற்றவர் இலவசமாகத் தந்த பம்பியை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். அதை அம்மா கோடிக்குள் ஓலையால் மூடிவைத்திருக்கிறா என்றான்.