தோற்ற அணிக்கு நூறு காரணம்

நுழையும்முன்

விளையாட்டு என்பது திடலோடு முடிந்துவிடுவதில்லை. ஆட்டம் முடிந்தபின் தேநீர்க் கடையிலும் பேருந்து நிறுத்தத்திலும் விடுதிக் கூடத்திலும் அது தொடர்கிறது. தோற்ற அணியைப் பற்றி அதன் அன்பர்கள் நடத்தும் வழக்காடலில் கோபமும் உண்டு, கணக்கும் உண்டு, நம்பிக்கையும் உண்டு. சவ்வாது மலையில் ஆசிரியப் பணியாற்றிய ஒருவர் அத்தகைய வழக்காடல் ஒன்றிலிருந்து கண்டறிந்ததை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

தோல்விக்குப் பின் தொடங்கும் ஆட்டம்

வென்ற அணியின் அன்பர்கள் நெடுநேரம் பேசுவதில்லை. அவர்கள் ஆரவாரம் செய்கிறார்கள், இனிப்பு வழங்குகிறார்கள், உறங்கப் போகிறார்கள். தோற்ற அணியின் அன்பர்களுக்கோ உறக்கம் வருவதில்லை. எந்த நிமிடத்தில் ஆட்டம் கைநழுவியது, யாரை வெளியே அழைத்திருக்க வேண்டும், யாரை உள்ளே அனுப்பியிருக்க வேண்டும், இனி மீள வழி உண்டா என்று அவர்கள் விடியும்வரை பேசுவார்கள். பயிற்றுநர் தொண்ணூறு நிமிடம் செய்யும் பணியை இவர்கள் ஒரு வாரம் செய்வார்கள்.

தமிழ்நாட்டில் இவ்வகைப் பேச்சுக்கு மிகுதியும் இடம் கொடுத்த கால்பந்து அணி ‘சென்னையின் எஃப்.சி.’ 2014ஆம் ஆண்டு இந்தியன் சூப்பர் லீக் தொடங்கியபோது பிறந்த அணி அது. சென்னை நேரு விளையாட்டரங்கம் அதன் சொந்தத் திடல். அவ்வரங்கிலிருந்து ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது சவ்வாது மலையின் ஜமுனாமரத்தூர். சாமையும் புளியும் பலாவும் விளையும் அம்மலைக்குச் சென்னை வெகுதூரம். ஆயினும் அங்குள்ள இளைஞர்கள் அவ்வணியை ‘நம் அணி’ என்றே அழைத்தார்கள். அது வென்றபோது தலைநிமிர்ந்தார்கள், தோற்றபோது வழக்காடினார்கள்.

கடைசி இடமும் முதல் இடமும்

அவர்களுடைய வழக்காடலைப் புரிந்துகொள்ள இரண்டு பருவங்களை அறிந்திருத்தல் வேண்டும்.

முதலாவது 2015. அப்பருவத்தின் ஒரு கட்டத்தில் சென்னை அணி புள்ளிப்பட்டியலின் கடைசி இடத்தில் இருந்தது. ஆயினும் லீக் சுற்றின் இறுதி நான்கு ஆட்டங்களையும் தொடர்ந்து வென்று மூன்றாம் இடம் பெற்று அரையிறுதிக்குச் சென்றது. அந்த நேரத்தில் சென்னை பெருவெள்ளத்தில் மூழ்கியிருந்தது. சொந்தத் திடலில் நடந்திருக்க வேண்டிய அரையிறுதி ஆட்டம் புனேக்கு மாற்றப்பட்டது. அங்கே கொல்கத்தா அணியை 3–0 என வென்றது சென்னை. டிசம்பர் 20 அன்று கோவாவில் நடந்த இறுதிப்போட்டியில் 87ஆம் நிமிடத்தில் கோவா அணி 2–1 என முந்தியது. அத்துடன் எல்லாம் முடிந்தது என்று பலரும் எண்ணினர். ஆனால், அடுத்த சில நிமிடங்களில் எதிரணிக் கோல்காப்பாளரின் கை பட்டுப் பந்து அவர் காத்த வலைக்குள்ளேயே விழுந்தது; பின்னர் மெண்டோசா மற்றொரு கோல் அடித்தார். மார்க்கோ மட்டராசியின் பயிற்சியில் ஆடிய சென்னை அணி 3–2 என வென்று கோப்பையை ஏந்தியது. 2018 மார்ச் 17 அன்று பெங்களூருவில், பெங்களூரு அணியையே 3–2 என வென்று, இரண்டாம் முறையும் வாகை சூடியது. அப்போதைய பயிற்றுநர் ஜான் கிரிகோரி.

இரண்டாவது, அக்கோப்பையை வென்றதற்கு அடுத்த பருவமான 2018–19. வாகை சூடிய அணி என்னும் பெருமையோடு தொடங்கிய சென்னை அணி, முதல் ஆட்டத்தில் பெங்களூருவிடம் 0–1 எனவும் இரண்டாம் ஆட்டத்தில் கோவாவிடம் 1–3 எனவும் தோற்றது. மூன்றாவது ஆட்டம் அக்டோபர் 18 அன்று வடகிழக்கு மாநிலங்களின் நார்த்ஈஸ்ட் யுனைடெட் அணியுடன் நடந்தது. சென்னை முதலில் 3–1 என முன்னிலை பெற்றது. ஆனால், எதிரணியின் ஒக்பெச்சே மூன்று கோல்கள் அடித்தார். முடிவு 3–4. மூன்று கோல் அடித்தும் தோற்ற ஆட்டம் அது.

ஆயுத பூசை இரவு

அன்று ஆயுத பூசை. ஜமுனாமரத்தூரில் ஜீப்புகளும் சரக்கு வண்டிகளும் வாழைக்கன்று கட்டி நின்றன. விடுமுறைக்காகத் திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளிலிருந்து இளைஞர்கள் சிலர் ஊர் திரும்பியிருந்தனர். அப்போது நான் மலையில் இருந்த பள்ளி ஒன்றில் தமிழாசிரியராக இருந்தேன். ஆட்டம் பார்க்க அனைவரும் கூடியது ஓர் அக்கா நடத்திவந்த தேநீர்க் கடையில்தான். பூசைப் பொரியும் கடலையும் தட்டில் இருந்தன. ஆட்டம் முடிந்தபின் அதில் கைவைப்பார் இல்லை.

முதலில் பேசியவர் ஜீப் ஓட்டுநர்.

“போன வருசம் தற்காப்பின் நடுவில் நின்றாரே செரெனோ, அவர் போனபிறகு கோட்டைக்குக் கதவில்லை. வேறென்ன சொல்ல?” என்றார்.

“தற்காப்பை மட்டும் சொன்னால் போதுமா அண்ணா? நடுக்களத்தில் நம் தனபால் கணேஷ் காயத்தால் ஆடவில்லையே. பந்தை மறித்து வாங்க ஆள் வேண்டாமா?” என்றார் திருப்பூரிலிருந்து வந்திருந்த இளைஞர்.

“கோப்பை வாங்கியதும் பசி போய்விட்டது, அதுதான் காரணம்” என்றார் மற்றொருவர்.

“மூன்று கோல் அடித்தவனுக்கா பசி இல்லை?” என்று மறுத்தார் ஓட்டுநர்.

அப்போது பதினொன்றாம் வகுப்பு மாணவன் ஒருவன் மெல்லப் பேசத் தொடங்கினான். “இன்னும் வாய்ப்பு இருக்கிறது அண்ணா. மொத்தம் 18 ஆட்டம். மூன்று போய்விட்டது, 15 மீதி. போன வருசம் நான்காம் இடம் வாங்கிய அணிக்கு 30 புள்ளி. நாமும் அந்த 30 எடுத்தால் அரையிறுதிக்குப் போகலாம். அப்படியென்றால் இனி ஓர் ஆட்டத்துக்குச் சராசரி 2 புள்ளி வேண்டும். பத்து ஆட்டம் வென்றாலே போதும்.”

தாளும் இல்லை, எழுதுகோலும் இல்லை. மனத்திலேயே போட்ட கணக்கு அது. கடையில் இருந்தவர்கள் அக்கணக்கைப் பற்றி மேலும் அரைமணி நேரம் வழக்காடினார்கள். பதினைந்தில் பத்து முடியுமா, முடியாதா? 2015இல் முடிந்ததே, இப்போது ஏன் முடியாது? அன்று மெண்டோசா இருந்தார்; இன்று அவர் இல்லையே. பயிற்றுநரை மாற்ற வேண்டுமா, அவருக்கு இன்னும் காலம் கொடுக்க வேண்டுமா? ஒருவர் சொன்னதை மற்றவர் மறுத்தார். மறுத்தவர் காரணம் காட்டினார். காரணம் காட்டாதவரை மற்றவர்கள் விடவில்லை.

தெரிந்து தெளிவோம்
கால்பந்து லீக் போட்டிகளில் வெற்றிக்கு 3 புள்ளிகள். சமநிலைக்கு 1 புள்ளி. தோல்விக்குப் புள்ளி இல்லை. புள்ளிகளின் கூட்டுத்தொகையே பட்டியலில் ஓர் அணியின் இடத்தை முதலில் முடிவுசெய்யும்.

ஒருவனுக்கு ஒரே சொல்

பேச்சு ஓய்ந்து அனைவரும் எழும் நேரம். திருப்பூர் இளைஞர் அம்மாணவனின் தோளில் கைவைத்து, என்னைப் பார்த்துச் சொன்னார்: “ஐயா, தம்பியை இந்த முறை என்னோடு கூட்டிக்கொண்டு போகிறேன். காலாண்டுத் தேர்வில் கணக்கில் போய்விட்டதாம். அவனுக்குக் கணக்கு வராது. வீட்டிலும் சொல்லிவிட்டார்கள்.”

யாரும் மறுக்கவில்லை. ஓட்டுநர் தலையாட்டினார். மாணவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அரைமணி நேரத்துக்கு முன் பதினைந்து ஆட்டங்களின் புள்ளிச் சராசரியை நொடியில் சொன்னவன் அவன்.

தம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்த கடைக்கார அக்கா நிமிர்ந்தார். “பதினொரு பேர் தோற்றதுக்கு இவ்வளவு நேரம் காரணம் தேடினீர்கள். இவன் ஒருவன் தோற்றதுக்கு ஒரு காரணம் தேடக் கூடாதா?” என்றார்.

கிளம்பியவர்கள் மீண்டும் அமர்ந்தார்கள். இம்முறை வழக்கு மாணவனைப் பற்றியது. ஓட்டுநர்தான் முதலில் கேட்டார், “எந்தப் பாடத்தில் மாட்டிக்கொண்டாய் தம்பி?” மாணவன் ஒவ்வொன்றாகச் சொன்னான். ஆடி மாதத்தில் தந்தை காலில் அடிபட்டுப் படுத்திருந்தார். சாமைக் கொல்லையில் களையெடுப்பதும் மாடு பார்ப்பதும் அவன் பொறுப்பாயின. மூன்று வாரம் பள்ளிக்கு வரவில்லை. அம்மூன்று வாரத்தில் வகுப்பில் முக்கோணவியல் நடந்துமுடிந்திருந்தது. அவ்வாண்டுதான் பதினொன்றாம் வகுப்புக்குப் புதிய பாடநூல்கள் வந்திருந்தன. அண்ணன் அக்காமார் படித்துவைத்த பழைய நூல்களும் குறிப்புகளும் உதவவில்லை. அடுத்துவந்த பாடங்களில் முக்கோணவியல் தேவைப்பட்ட இடங்களிலெல்லாம் அவன் நின்றுபோனான்.

“அப்படியென்றால் இது தற்காப்பில் விழுந்த ஓட்டை. ஆட்டமே வராது என்பதில்லை” என்றார் ஓட்டுநர். கடையில் அன்றிரவு முதல்முறையாகச் சிரிப்பொலி கேட்டது.

திருப்பூர் இளைஞர் சிரிக்கவில்லை. சற்றுநேரம் பேசாமலிருந்து, “என்னைப் பற்றி அன்றைக்கு இப்படி யாரும் கேட்கவில்லை ஐயா” என்றார். அவர் அவ்வாண்டு தனியாகவே திருப்பூர் திரும்பினார்.

காரணம் தேடுதல்

‘கணக்கு வராது’, ‘படிப்பு ஏறாது’ என்பன காரணங்கள் அல்ல, அவை தீர்ப்புகள். காரணம் என்பது மாற்றத்துக்கு இடம் தருவது. தற்காப்பு வீரர் இல்லை என்றால் மற்றொருவரைத் தேடலாம். மூன்று வாரப் பாடம் விட்டுப்போயிற்று என்றால் அதை மீண்டும் நடத்தலாம். தீர்ப்போ அடுத்து எதையும் செய்யவிடாது. அது கதவை அடைத்துவிட்டுப் போய்விடும்.

நல்ல அன்பர்களின் வழக்காடலில் மூன்று இயல்புகளைக் காணலாம். அவர்கள் நடந்ததை நிமிடம் நிமிடமாக நினைவுகூர்கிறார்கள், பொத்தாம்பொதுவாகப் பேசுவதில்லை. குறையைச் சொல்லும்போதும் அணியைக் கைவிடுவதில்லை. ஒரே தோல்வியைக் கொண்டு அணியின் தகுதியை அளப்பதில்லை. இம்மூன்றும் ஒரு மாணவனுக்கும் தொழிலில் நொடித்த ஒருவருக்கும் நாம் செய்ய வேண்டியவையே. பலமுறை அவற்றை அணிக்குச் செய்கிறோம். அருகில் இருப்பவருக்குச் செய்வதில்லை.

சவ்வாது மலையிலுள்ள காவலூரில் 2.3 மீட்டர் விட்டமுடைய வைணு பாப்பு தொலைநோக்கி 1986 முதல் இயங்கிவருகிறது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மேகம் மூடிய இரவுகளில் அங்கு விண்மீன்களைக் காண இயலாது. அதனால் விண்மீன் இல்லை என்று வானியலாளர் எவரும் குறிப்பெழுதுவதில்லை. ‘இன்று மேகம்’ என்று காரணத்தைக் குறித்துக்கொண்டு அடுத்த இரவுக்குக் காத்திருப்பார்கள்.

நம்பிக்கையின் கணக்கு

இனி முடிவுகளைச் சொல்ல வேண்டும். அம்மாணவன் போட்ட கணக்கு சரி. அணி அதை நிறைவேற்றவில்லை. 18 ஆட்டங்களில் இரண்டே வெற்றிகள், மூன்று சமநிலைகள், 13 தோல்விகள். மொத்தம் 9 புள்ளிகளுடன் சென்னை அணி பத்து அணிகளில் பத்தாம் இடம் பெற்றது. 2015இல் நம்பியவர்களும் 2018இல் நம்பியவர்களும் ஒரே அளவில்தான் நம்பினார்கள். ஒரு நம்பிக்கை கோப்பையைத் தந்தது. மற்றொன்று கடைசி இடத்தைத் தந்தது. ஆகவே நம்பினால் வெற்றி உறுதி என்று உங்களுக்குச் சொல்வது உண்மையாகாது.

ஆயினும் கடைசி இடத்துக்கே உரிய சில செய்திகள் உண்டு. அப்பருவத்தின் இரண்டு வெற்றிகளுள் ஒன்று, பின்னர் அவ்வாண்டுக் கோப்பையை வென்ற பெங்களூரு அணிக்கு எதிராகக் கிடைத்தது. அடுத்த பருவத்தில் முதல் நான்கு ஆட்டங்களிலும் ஒரு கோல்கூட அடிக்காமல் தொடங்கிய அதே சென்னை அணி, ஓவன் காயில் பயிற்றுநராக வந்தபின் நான்காம் இடத்துக்கு உயர்ந்து, 2020 மார்ச் 14 அன்று இறுதிப்போட்டியில் ஆடியது. கொரோனா பரவலால் பார்வையாளரின்றி நடந்த அப்போட்டியில் கொல்கத்தா அணியிடம் 1–3 எனத் தோற்றது. கோப்பை கிட்டவில்லை. ஆனால், பத்தாம் இடத்தோடு கதை முடிந்தது என்று எழுதியவர் தம் ஏட்டைத் திருத்த வேண்டியதாயிற்று.

மாணவனின் முடிவும் அத்தகையதே. மாலை வேளைகளில் கணித ஆசிரியர் அவனுக்கு முக்கோணவியலை முதலிலிருந்து நடத்தினார். அரையாண்டுத் தேர்விலும் அவன் கணக்கில் தேறவில்லை. மதிப்பெண் சற்றே கூடியிருந்தது. மார்ச்சுப் பொதுத்தேர்வில் கணக்கில் தேறினான், இயற்பியலில் தவறினான். பின்னர்த் துணைத்தேர்வு எழுதி அதையும் முடித்தான். மாநில அளவில் முதலிடம் போன்ற வியப்புகள் எவையும் இதில் இல்லை. பதினாறு வயதில் அவனுக்கு எழுதப்படவிருந்த தீர்ப்பு எழுதப்படவில்லை, அவ்வளவே. ஒரு வாழ்க்கையில் அது சிறிய செய்தியன்று.

உங்கள் வகுப்பிலும் தேர்வு முடிவுகள் வரும். உங்கள் பள்ளி அணியும் ஒருநாள் தோற்கும். அப்போது உங்கள் வாயில் முதலில் வரும் சொல் தீர்ப்பா, கேள்வியா என்று ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். பிறரைப் பற்றிப் பேசும்போது மட்டுமன்று, உங்களைப் பற்றி நீங்களே பேசிக்கொள்ளும்போதும் அவ்வாறு எண்ணிப் பாருங்கள். தோற்ற அணிக்கு நூறு காரணம் தேடத் தெரிந்த நமக்கு, தோற்ற மனிதருக்கு ஒரு காரணம் தேடுவது அரிதன்று.