வெள்ளிக்கிழமை இருமல்

விடியற்காலை நாலு மணிக்கு மறுபடியும் அந்தச் சத்தம். டீச்சர் எழுந்து விளக்கைப் போட்டார். கட்டிலுக்கு அடியில் பஞ்சு தரையோடு தரையாகப் பதுங்கி, கழுத்தை முன்னால் நீட்டி, கர்... கர்... என்று இருமிக்கொண்டிருந்தது. அரை நிமிடம்தான். பிறகு எதையோ விழுங்கிவிட்டு, ஒன்றுமே நடக்காததுபோல் முன்னங்காலை நக்க ஆரம்பித்தது.

ரிட்டயராகிப் பத்து வருடம் ஆகியும், தஞ்சாவூரின் அந்தத் தெருவுக்கு அவர் டீச்சர்தான். பஞ்சு, ஐந்து வருடத்துக்கு முன் ஒரு மழை நாளில் அவர் கணவர் சட்டைக்குள் பொத்திக் கொண்டுவந்த குட்டி. அவர் போய் ஏழு மாதம் ஆகிறது. கோவையில் இருக்கும் மகள் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போனில், "எங்களோட வந்துடும்மா" என்பாள். "பஞ்சுவை யாரு பாத்துக்கறது?" என்பதுதான் டீச்சரின் பதில்.

இருமலைக் கேட்ட எல்லோரும் ஒரே தீர்ப்புதான் சொன்னார்கள். "முடி உருண்டை டீச்சர். நக்கி நக்கி வயித்துல சேர்ந்திருக்கும். கக்கிட்டா சரியாயிடும்." மூன்று மாதம் காத்திருந்தார். பஞ்சு எதையும் கக்கவில்லை. "பாராசிட்டமால் கால் மாத்திரை குடுத்துப் பாருங்க" என்றார் பக்கத்து வீட்டுக்காரம்மா. என்ன செய்தும் பஞ்சு வாயைத் திறக்கவில்லை. மாத்திரை சமையல் மேடையிலேயே கிடந்தது.

அப்புறம் அந்த வெள்ளிக்கிழமை ராத்திரி. பஞ்சு நாயைப்போல வாயைத் திறந்து மூச்சு வாங்கியது. வயிறு எக்கி எக்கி இழுத்தது. ஈறு நீலம் பாரித்திருந்தது. துணிக்கூடையில் வைத்து, ஆட்டோவில் டாக்டர் வீட்டுக்கே ஓடினார்.

டாக்டர் சின்னப் பெண். பார்த்தவுடன் கிளினிக்கைத் திறந்து, ஒரு ஊசி போட்டு, பஞ்சுவைக் கண்ணாடிப் பெட்டிக்குள் விட்டு ஆக்ஸிஜன் குழாயைச் செருகினார். எக்ஸ்ரே கூட எடுக்கவில்லை.

"மொதல்ல மூச்சு சீராகட்டும்மா. திணறுற பூனையைப் பிடிச்சு அமுக்கினா, அந்தப் பயத்துலயே உயிர் போயிடலாம். நாய் வாயைத் திறந்து மூச்சு வாங்குறது சகஜம். பூனை அப்படிச் செஞ்சா, விடியட்டும்னு காத்திருக்கக் கூடாது."

மறுநாள் எக்ஸ்ரே எடுத்தார்கள். நுரையீரலில் அங்கங்கே குட்டி மெதுவடைபோல வெள்ளை வளையங்கள். சில இடத்தில் தண்டவாளம்போல இரட்டைக் கோடுகள். "மூச்சுக் குழாயோட சுவர் வீங்கித் தடிச்சிருக்கு. நேருக்கு நேர் பார்த்தா வளையம், பக்கவாட்டுல பார்த்தா கோடு. மனுஷங்களுக்கு வர்ற ஆஸ்துமா மாதிரிதான்" என்றார் டாக்டர்.

ஆனாலும் உடனே முடிவு கட்டவில்லை. ஆஸ்துமா இருக்கும் சில பூனைகளுக்கு எக்ஸ்ரே சுத்தமாகவே இருக்குமாம். நுரையீரல் புழு இருந்தாலும் இதே மாதிரி இருமுமாம். அந்தப் புழு நத்தைக்குள் வளரும். நத்தையைத் தின்ற தவளையையோ பறவையையோ பூனை தின்றால், அதன் நுரையீரலுக்கு வந்துவிடும். பஞ்சு கொல்லையில் வேட்டையாடுகிற ஆள். மலப் பரிசோதனைக்கு அனுப்பி, புழுவுக்கும் மருந்து கொடுத்தார். இதயத்தையும் பார்த்தார். மூச்சுக் குழாயைக் கழுவி எடுத்து அதிலுள்ள செல்களைப் பார்க்கும் பரிசோதனையும் உண்டு. அதற்கு மயக்க மருந்து வேண்டும். "இப்ப இருக்கிற நிலைமையில அது வேண்டாம். மருந்து குடுத்துப் பார்ப்போம். அது கேட்கிற விதத்துலயே பாதி தெரிஞ்சுடும்."

டீச்சர் பாராசிட்டமால் கதையைச் சொன்னபோது டாக்டர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "பூனையோட ஈரலுக்கு அதைப் பிரிச்சு வெளியேத்தத் தெரியாதும்மா. ஒரு மாத்திரையே கொன்னுடும்."

முதலில் ஸ்டீராய்டு மாத்திரை. மருந்து கேட்டது, ஒரு வாரத்திலேயே இருமல் பாதியானது. ஆனால் மாதக்கணக்கில் கொடுத்தால் சில பூனைகளுக்குச் சர்க்கரை வியாதி வரும் என்பதால், மருந்து நேராக நுரையீரலுக்குப் போகும் இன்ஹேலருக்கு மாறச் சொன்னார். அது முழுதாக வேலை செய்ய ஒன்றிரண்டு வாரம் ஆகும். அதுவரை மாத்திரையை நிறுத்தக் கூடாது. பிறகும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும்.

சீட்டோடு மருந்துக்கடைக்குப் போனார் டீச்சர். கடைக்காரர் அவரிடம் படித்தவர். குழாயையும் கைக்குழந்தை மாஸ்க்கையும் எடுத்து வைத்துவிட்டு, "பேரனா டீச்சர்? என்ன வயசு?" என்றார்.

"அஞ்சு."

"அஞ்சு வயசுக்கு இந்த மாஸ்க் பத்தாதே."

"அவனுக்கு முகம் சின்னதுப்பா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

முதல் வாரம் மருந்தே இல்லை. வெறும் மாஸ்க்கை மூக்கருகே காட்டுவது, ஒரு துண்டு நெத்திலி கொடுப்பது. அப்புறம் ஒரு நொடி வைப்பது, நெத்திலி. பத்தாவது நாள் பஞ்சு மாஸ்க்குக்குள் பத்து மூச்சு இழுத்தது. ஒன்றாம் வகுப்பில் அழுகிற பிள்ளையை உட்கார வைத்த பொறுமை இன்னும் மிச்சமிருந்தது.

கிளினிக்கிலிருந்து கிளம்பும்போது டாக்டர் கேட்டிருந்தார்: "வீட்ல புகை உண்டா?"

"யாரும் சிகரெட் பிடிக்கறதில்லை."

"கொசுவத்தி? ஊதுபத்தி? சாம்பிராணி?"

டீச்சர் பதில் சொல்லவில்லை. கொசுவத்தியை அன்றைக்கே நிறுத்திக் கொசுவலை கட்டிவிட்டார். ஆனால் சாயங்காலம் ஆறு மணிக்கு அவர் படத்துக்கு முன்னால் இரண்டு ஊதுபத்தி, வெள்ளிக்கிழமை சாம்பிராணி. ஏழு மாதத்தில் ஒரு நாள் தவறியதில்லை. அதில் அவ்வளவு என்ன வந்துவிடப்போகிறது?

டாக்டர் ஒரு வேலை கொடுத்திருந்தார். பஞ்சு தூங்கும்போது விலா ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ண வேண்டும். 30-க்குள் இருந்தால் நல்லது. தாண்டிக்கொண்டே போனால் போன் செய்ய வேண்டும். டீச்சர் நாற்பது பக்க நோட்டில் கோடு போட்டு, தேதி, கிழமை, மூச்சு, இருமல் என்று எழுதி வந்தார்.

ஒரு மாதம் கழித்து நோட்டைப் புரட்டினார். 24, 26, 25... 34. மறுபடி 26, 24... 36. வருகைப் பதிவேட்டைப் பார்த்தே, சந்தை நாளில் வராத பிள்ளை எது என்று கண்டுபிடித்தவர் அவர். சிவப்புப் பேனாவால் 30-க்கு மேலிருந்த எண்களை வட்டம் போட்டார். நான்கு வட்டம். நான்கும் வெள்ளிக்கிழமை.

வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார். பஞ்சு வந்து மடியில் ஏறிப் படுத்தது. அன்றைக்கு ஆறு மணிக்கு விளக்கை மட்டும் ஏற்றி, இரண்டு முழம் மல்லிகையைப் படத்துக்குச் சார்த்தினார். "என்னங்க, இனிமே பூ மட்டுந்தான். நீங்க கொண்டாந்தவனுக்கு ஆகலை" என்றார். கூடம் வாசனையில்லாமல் வெறிச்சென்றுதான் இருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை 27.

"இது குணமாகிப் போயிடுற வியாதி இல்லைம்மா. கட்டுக்குள்ள வச்சுக்கிற வியாதி" என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் காலை, மாலை மாஸ்க் தொடர்கிறது. வருஷத் திவசத்தன்று ஹோமப் புகை அடங்கும்வரை பஞ்சு மாடி வீட்டில் இருந்தது.

போன வாரம் அடுத்த இன்ஹேலர் வாங்கப் போனபோது கடைக்காரர் விசாரித்தார்: "பேரனுக்கு இப்ப எப்படி இருக்கு டீச்சர்?"

"நல்லாத் தூங்கறான்ப்பா. நிமிஷத்துக்கு 24" என்றார் டீச்சர்.