அண்டை வீட்டு நீரும் எம் சுவரும்

சாந்தோமில் சுவருக்கு வரும் நோய் யாவற்றிற்கும் கடலே காரணம் என்று கூறுதல் வழக்கம். சுண்ணாம்பு உதிர்ந்தாலும் கடற்காற்று; சாளரக் கம்பி துருவேறினாலும் கடற்காற்று. இதிற் பெரும்பகுதி உண்மையே. எனினும், எத்துணை இரைச்சலிடினும் தான் செய்யாத குற்றத்தைக் கடல் மறுத்துரைப்பதில்லை. ஆதலின் அண்டை வீட்டுக் குழாய்கள் பல தப்பிப் பிழைக்கின்றன.

யாம் வசிப்பது பேராலயத்திற்கு அணித்தாயுள்ள ஒரு குறுந்தெருவில், இரு வீடுகள் ஒரே சுவரைப் பகிர்ந்து நிற்கும் பழைய கட்டடத்தில். சென்ற பங்குனித் திங்களில் எம் புத்தக அலமாரிக்குப் பின்னே, கூரைக்கு ஒரு முழம் கீழே, உள்ளங்கையளவு ஈரம் கண்டோம். பத்து நாளில் அது முறமளவாயிற்று. மழையோ இல்லை. நிலத்து ஓதமாயின் தரையினின்று மேலேறும். இதுவோ மேலிருந்து கீழிறங்கிற்று. சுவருக்கு அப்பால் இருப்பது அண்டை வீட்டு மாடிக் குளியலறை.

புத்தகங்களை நகர்த்திவிடலாம். யாம் அஞ்சியது கூரையைக் குறித்தே. தேக்கங் கட்டைகளை வரிசையாக நிறுத்தி, அவற்றின்மேற் சிறு செங்கற்களைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணச் சாந்திட்டு இறுக்கிய 'மதராஸ் டெரஸ்' எம் வீட்டுக் கூரை. அக்கட்டைகளின் நுனிகள் சுவருக்குள் புதைந்து கிடக்கும். அங்கு ஈரம் தங்கினால், கட்டை வெளியே உரமாகத் தோன்றிக்கொண்டே உள்ளே மக்கும். கறையானும் ஈரத்தை நாடி வரும். அந்நுனிக்கும் ஈரத்திற்கும் இடையே அன்று இருந்தது அந்த ஒரு முழமே.

அண்டை வீட்டு அம்மையார் எழுபது கடந்தவர். ஓய்வூதியத்தில் தனித்து வாழ்பவர். பண்டிகைதோறும் எமக்குப் பலகாரம் அனுப்பத் தவறாதவர். சென்று கூறினோம். "அது கடல் ஓதம், தம்பி. என் வீட்டில் ஒரு சொட்டும் ஒழுகவில்லையே" என்றார். அது பொய்யுரைக்கும் முகமன்று. செலவை அஞ்சும் முகம்.

வழக்கறிஞராகிய நண்பர் ஒருவர், உடனே நோட்டீஸ் விடுக என்றார். நோட்டீஸ் விடுக்குமுன் சட்டம் யாது கூறுகின்றதென்று பார்க்க விழைந்தோம். இங்கிலாந்தில் லங்காஷயரில், ரைலண்ட்ஸ் என்னும் ஆலை முதலாளி நீர்த்தேக்கம் ஒன்று கட்டுவித்தார். 1860ஆம் ஆண்டில் அதன் நீர், கீழே கைவிடப்பட்டுக் கிடந்த பழைய சுரங்க வழிகளில் இறங்கி, பிளெட்சர் என்பாரின் நிலக்கரிச் சுரங்கத்தை நிரப்பிவிட்டது. ரைலண்ட்ஸ்பாற் கவனக்குறைவு இல்லை. எனினும், தன் நிலத்தில் இயல்புக்கு மீறி நீரைத் தேக்கியவனே அது தப்பிச் செய்த கேட்டுக்குப் பொறுப்பாளி என்று பிரபுக்கள் சபை 1868இல் தீர்த்தது. உலகெங்கும் சட்ட மாணாக்கர் பயிலும் வழக்கு இது.

ஆறே ஆண்டுகளில் நம் சென்னை மாகாணத்து வழக்கொன்று வேறு விதமாக முடிந்தது. கார்வேட்டிநகரம் ஜமீனில் ஏரிகள் உடைந்து மதராஸ் ரெயில்வே கம்பெனியின் பாலங்களைச் சிதைத்தன. கம்பெனியார் ஆங்கில வழக்கைக் காட்டி நஷ்டஈடு வேண்டினர். பிரிவி கவுன்ஸில் 1874இல் அதனை மறுத்தது. இந்நாட்டில் ஏரி ஒருவரது இலாபத்திற்காக மட்டும் கட்டியதன்று. தொன்றுதொட்டு மக்கள் உயிர் வாழ்தற்கு உள்ளது. அதனைக் காத்தல் ஜமீன்தாரின் கடமை. ஆதலின் அவர்பாற் கவனக்குறைவு இருந்தாலன்றிப் பொறுப்பில்லை என்பது அதன் கருத்து.

எம் மனத்திற்கு இரண்டாவதே நியாயமாகப் பட்டது. குளியலறை யாருக்கும் ஆடம்பரமன்று. நெடுநாளைய பூச்சு வெடித்தல் அம்மையாரின் குற்றமும் அன்று. ஆனால் கசிவை ஐயமற அறிந்த பின்னும் வாளா இருப்பின், அன்றுதான் அது கவனக்குறைவாகும். ஆகவே யாம் செய்யவேண்டுவது அவர் தம் கண்ணாற் காணச் செய்தலே எனத் துணிந்தோம்.

கசியும் நீர் இருவகைத்து: வருங் குழாயின் நீர், போகும் வழியின் நீர். அம்மையாரின் இசைவு பெற்று, ஓரிரவு எல்லாத் திருகுகளையும் அடைத்து, மேல்நிலைத் தொட்டியில் நீர் நின்ற மட்டத்தைக் கரியாற் குறித்தோம். விடியலில் மட்டம் அணுவளவும் இறங்கவில்லை. எனவே வருங் குழாய் நிரபராதி. பின்பு குளியலறைத் துவாரத்தைத் துணிகொண்டு அடைத்து, இரண்டு விரற்கடை உயரம் நீர் நிறுத்தி, சலவைக்கு இடும் திரவ நீலத்தை அதிற் கலந்தோம். மறுநாள் மாலை எம் சுவரில் ஈரத்தின் விளிம்பு வெளிர்நீலமாயிருந்தது. அம்மையார் படியேறி வந்து நெடுநேரம் அதனை நோக்கி நின்றார். "கடல் இந்த நிறத்தில் இல்லை, தம்பி" என்றார்.

குழாய் வினைஞர் (பிளம்பர் என்றாலன்றி அவர் திரும்பிப் பாரார்) துவாரத்தைச் சுற்றித் தரையைப் பெயர்த்தார். வடிகுழாய்க்கும் தளத்துக்கும் இடையே இருந்த பூச்சு முற்றும் விண்டிருந்தது. அப்பழுது பார்த்த கூலி அம்மையாருடையது. இரண்டு தவணையிற் கொடுக்க வினைஞர் இசைந்தார். எம் பக்கத்துச் சுவர்ப்பூச்சை யாமே ஏற்றோம். அதனைத் தாமே தருவதாக அம்மையார் வற்புறுத்தியபோது சிறிது வாக்குவாதமும் நிகழ்ந்தது.

கொத்தனார் சிமெண்டு பூசிவிடலாம் என்றார், யாம் உடன்படவில்லை. பழைய செங்கற் சுவரின் ஈரம் சுண்ணப் பூச்சின் வழியே வெளியேறும். சிமெண்டு அதனை உள்ளேயே சிறைவைத்து, கட்டை நுனிகளின் பக்கம் தள்ளிவிடும். ஆதலின் நனைந்த பூச்சைச் செங்கல் தெரியச் சுரண்டிவிட்டுக் காத்திருக்கின்றோம். ஒரு கோடை முழுதும் உலரவேண்டும் என்பது கொத்தனார் கணக்கு. கட்டை நுனி இரண்டினை ஊசியாற் குத்திப் பார்த்தார், ஊசி இறங்கவில்லை. அலமாரி கூடத்தின் நடுவே நிற்கின்றது. வருவோர் அதனைச் சுற்றிக்கொண்டு போகின்றனர்.